மே மாதத்திற்குக் கட்டிய கோயில்

எங்கள் கோயிலுக்குப் புகைபோக்கி கிடையாது. கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் கட்டியவற்றில் புகைபோக்கி இல்லாதது எது என்று தேடினால், இந்தக் கோயிலும் அவர்கள் குதிரை கட்டிய லாயமும்தான் மிஞ்சும். மற்றபடி பங்களா, பள்ளிக்கூடம், படகுத்துறைக் கிளப்பு எல்லாவற்றிலும் கணப்பும் புகைபோக்கியும் உண்டு. "ஆண்டவருக்குக் குளிராதுன்னு நெனச்சிருப்பாங்க" என்று சீசனில் வரும் பயணிகளிடம் சொல்லுவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். வத்தலக்குண்டிலிருந்து வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள்.

கோயில் என்றதும் பழனி மலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். புராட்டஸ்டண்டுகளான நாங்களும் எங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்லுகிறோம். நான் கொடைக்கானல் மிஷன் பள்ளியில் டிராயிங் வாத்தியார். வேலையில் இருந்த காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பேரிக்காய் வரையச் சொல்லிக் கொடுத்தேன். முழுப் பேரிக்காய், பாதிப் பேரிக்காய், நிழலோடு பேரிக்காய். அளவுகோல் வைத்து நேர்க்கோடு போடத் தெரிந்தவன் என்பதால் சபையார் என்னைப் பாதி இன்ஜினியராகக் கருதி, கோயில் கமிட்டியிலும் போட்டுவிட்டார்கள். மீதிப் பாதி கோமாளி என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

புகைபோக்கி இல்லாததற்கு உண்மையான காரணம் இதுதான். கட்டியவர்கள் அதை மே மாதத்திற்காகக் கட்டினார்கள்.

கீழே சமவெளியில் ஊழியம் செய்த மிஷனெரிகள் கோடையில் மட்டும் மலையேறி வந்தார்கள். அப்போது மலைச்சாலை இல்லை. குதிரையிலும், ஆட்கள் தோளில் சுமந்த நாற்காலிகளிலும் வந்தார்கள். கோயிலின் தேக்கு உத்தரங்களும் அப்படித்தான் ஆள் தோளில் வந்தன. கருங்கல் மட்டும் இங்கேயே உடைத்தது. ஏன் ஏறி வந்தார்கள் என்பதை மேற்குச் சுவரில் பதித்திருக்கும் பளிங்குப் பலகைகள் சொல்லும். பாதிக்குமேல் குழந்தைகள். கீழே வெயில் காலத்துக் காய்ச்சலில் செத்த குழந்தைகள். மிச்சமிருந்த பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று ஏறி வந்தவர்கள், மே மாதத்தில் சாகாமல் இருந்ததற்கு நன்றி சொல்லக் கட்டிய கோயில் அது. ஜூன் கடைசியில் பூட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். டிசம்பரில் உள்ளே எப்படி இருக்கும் என்று கட்டியவர் எவரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

மே மாதத்திற்கு அது அருமையான கட்டடம்தான். மே மாதத்தில் எங்கள் ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நிழல் பார்த்துப் பேரிக்காய் வரைகிறவன் என்பதால் எனக்குத் தெரியும். அதனால் வடக்குச் சுவரில் கூர்முனை வளைவு வைத்து ஆளுயர ஜன்னல்கள். தெற்கே சிறியவை, வண்ணக் கண்ணாடி போட்டவை. வடக்குச் சுவரும் கூரையும் சேருகிற இடத்தில், நீளத்துக்கும் மரப்பட்டைகளைச் சாய்த்து அடித்த வெண்டிலேட்டர்கள். கோடைக் காற்று உள்ளே வந்து போவதற்காக. அவற்றை மூடுவதற்கு ஒரு கதவோ கயிறோ கிடையாது. மே மாதத்தில் அவற்றை யார் மூடப்போகிறார்கள்?

எழுபதுகளின் நடுவில் மிஷனெரிகள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பிப் போனார்கள். ஆங்கில ஆராதனைக்கு வருகிறவர்கள் ஒரு பெஞ்சுக்குள் அடங்கிவிட்டார்கள். அதுவரை நாங்கள், தமிழ்ச் சபையார், பஜார்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் பாய் விரித்து ஆராதித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் கற்கோயில் சாவி எங்கள் கைக்கு வந்தது. பாய்களைத் தலையில் சுமந்துகொண்டு, பாடிக்கொண்டே மேடேறினோம். உள்ளே போனால் பாய் விரிக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் பெஞ்சு. பாய்களைச் சுருட்டிய மேனிக்கு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெள்ளைக்காரர் கால் நீளத்துக்குச் செய்த பெஞ்சு. எங்கள் கால் தரையில் எட்டவில்லை.

"ஒட்டகத்துக்குச் செஞ்ச பெஞ்சுங்க இது" என்றாள் என் மனைவி, வெளியே வந்ததும்.

பாயை விட்டோமே தவிர, கொட்டகையின் இரண்டு பழக்கங்களை விடவில்லை. ஒன்று, செருப்பை வாசல் மண்டபத்தில் கழற்றிப் போடுவது. வெள்ளைக்காரர்கள் பூட்ஸோடு மிதித்த கல்தளத்தில் நாங்கள் வெறும் காலோடும், வசதியுள்ளவர்கள் ஓட்டைக் காலுறையோடும் நடந்தோம். முழங்கால் போடும்போது சபையின் குதிகால்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். இன்னொன்று, ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். திருவிருந்து மேசை கிழக்கே இருந்தது. ஆக, ஆண்களுக்குத் தெற்கு, பெண்களுக்கு வடக்கு.

முதல் ஞாயிறு மே மாதத்தில் வந்தது. பெண்கள் பக்கம் பொன்னாக வெயில் விழுந்தது. "பொம்பளைங்களுக்கு நல்ல எடமாத்தான் விட்டுக் குடுத்துருக்கோம்" என்று ஆண்கள் பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

ஐப்பசியில் தெரிந்தது. மழை வடகிழக்கிலிருந்து வந்து வடக்குச் சுவரில்தான் அறையும். அந்தச் சுவர் உள்பக்கம் வியர்த்து வழிந்தது. சூரியனோ தெற்கே போய்விட்டது. எங்கள் பக்கத்துச் சின்ன ஜன்னல்கள் வழியாக இருந்த கொஞ்ச வெயிலும் ஆண்கள் முதுகில் விழுந்தது. வெண்டிலேட்டர் வழியாக மேகம் உள்ளே வந்தது. மிகைப்படுத்தவில்லை. இரண்டாம் பாட்டு பாடுகையில் நுழைந்து, பெண்கள் பக்கத்தை நிரப்பி, மெதுவாகப் போதகரையும் மறைத்துவிடும். குரல் மட்டும் வரும். மோசேயிடம் ஆண்டவர் மேகத்துக்குள்ளிருந்து பேசினாரே, அதனால் நான் அதைப் பழைய ஏற்பாட்டு முறை ஆராதனை என்று பெயர் வைத்துக் கூப்பிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

என் மனைவிக்குச் சின்ன வயதில் வந்த காசநோய் ஒரு நுரையீரலைப் பாதி தின்றுவிட்டுத்தான் போயிருந்தது. மிச்சத்தை வைத்துக்கொண்டு பெண்கள் விடுதியின் வார்டனாக வேலை பார்த்தாள். அத்தனை பிள்ளைகளையும் அதட்டினாள். பாடகர் குழுவில் வேறு பாடினாள். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஈரச் சுவரோரம் குளிரில் உட்காரக் கூடாது, இன்னொரு தடவை நெஞ்சில் சளி கட்டினால் தாங்காது.

"பனிக்காலத்துல கோயிலுக்குப் போகாதீங்கம்மா. வீட்ல இருந்தே ஜெபம் பண்ணுங்க" என்றார்.

"டாக்டரு ஆஸ்பத்திரிக்கு வராம வீட்ல இருந்தே ஊசி போடுவாராமா?" என்று திரும்பி வரும் வழியில் என்னைக் கேட்டாள்.

அவளுக்கு வாரத்தில் அது ஒன்றுதான். விடுதியில் எல்லோரும் அவளுக்குப் பயந்தார்கள். கோயிலில்தான் அவள் மற்றவர்கள் மாதிரி ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்து ஹாட் வாட்டர் பையை நிரப்புவாள். ஒரு பழைய துண்டில் சுற்றிச் சால்வைக்குள் வைத்துக்கொள்வாள். அவள் இடம், வடக்குச் சுவரை ஒட்டிய பெஞ்சின் கடைசி. ஜெபம் நடக்கிற அமைதியில் பைக்குள் தண்ணீர் களுக்கென்று புரளும். பக்கத்து அம்மாள் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார்.

"வயிறுங்கக்கா. சரியில்ல" என்பாள் இவள்.

எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கும்.

ஒரு ஞாயிறு, வெள்ளைக்காரத் தம்பதிகள் உட்கார்ந்த மாதிரி நாமும் உட்கார்ந்தால் என்ன என்று, அவளை ஆண்கள் பக்கக் கடைசிப் பெஞ்சில் என்னோடு உட்காரவைத்தேன். சபை முழுக்கத் திரும்பியது. கோயிலைத் திறந்து மணியடிக்கும் அண்ணன், குணமான மனிதர், காதோரம் வந்து, "அக்கா, அங்கிட்டு நெறைய எடம் கெடக்கு" என்றார். அவள் எழுந்து போய்விட்டாள். "அவரு பயந்துட்டாரு பாவம். அடுத்து நான் பிரசங்கம் பண்ணப் போயிருவேன்னு" என்றாள் அப்புறம்.

பிறகு என் இன்ஜினியர் பாதி விழித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை மணியடிக்கும் அண்ணனோடு ஏணி வைத்து ஏறி, வெண்டிலேட்டர்களில் உருளைக்கிழங்குச் சாக்குகளைத் திணித்தேன். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "சார், வெரசா இறங்குங்க, கை நடுங்குது" என்றார். உங்கள் கையா என் காலா என்று கேட்டேன். அடுத்த நாள் ஆராதனையில் போதகர் மேலிருந்து இறங்கிவரும் ஆசீர்வாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். காற்றில் பிடி விட்ட சாக்கு ஒன்று, காய்ந்த மண்ணை உதிர்த்துக்கொண்டு, நடுப்பாதையில் அவர் முன்னால் வந்து இறங்கியது.

போதகர் குனிந்து பார்த்தார். "நான் சொன்னது இது இல்ல" என்றார்.

அவ்வளவு சிரிப்பை அந்தக் கற்சுவர்கள் அதுவரை கேட்டிருக்காது. என் மனைவி இருமி இருமிச் சிரித்தாள். சாக்குகளை எடுத்துவிடும்படி உத்தரவு வந்தது.

சாக்கு இறக்கிய கோமாளி என்ற அந்தப் பேர்தான் எனக்கு முன்னால் கமிட்டி அறைக்குள் போயிருந்தது. எங்கள் கமிட்டிச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நல்லவர், கழுத்தில் எப்போதும் மப்ளர். மற்ற அலுவல்கள் முடிந்ததும் நான் எழுந்து நின்றேன்.

"ஒரு விண்ணப்பம். ஆம்பளைங்க பக்கத்தையும் பொம்பளைங்க பக்கத்தையும் மாத்திக்கிடலாம். குளிர்காலத்துக்கு மட்டும்."

யாரோ களுக்கென்றார்கள்.

"அந்தச் சுவரு ஈரம். வெயிலு நம்ம பக்கந்தான் விழுது. என் வீட்டுக்காரிக்கு மூச்சு வாங்குது" என்றேன்.

"டிராயிங் சாரு இன்னைக்கு நல்லாத்தான் ஆரம்பிச்சிருக்காரு" என்றார் தலைமையாசிரியர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. "மொதல்ல சாக்கு. இப்ப ஆளையே மாத்துறாரு."

"நான் நெசமாத்தான் சொல்றேன் சார்."

"அதத்தான சார் சாக்குக்கும் சொன்னீரு."

மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவர், பெண்களை வலப்பக்கம் வைத்தால் ஆண்களெல்லாம், நியாயத்தீர்ப்பு நாளில் ஆண்டவர் தண்டனைக்கென்று ஒதுக்கும் இடப்பக்கத்து வெள்ளாடு ஆகிவிடுவோமே என்றார். அதற்கும் சிரிப்பு. போதகரும் சிரித்தார். நான் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் மறுபடி சிரிப்பு எழும்பியது. எனக்கும் வந்துவிட்டது. பத்துப்பேர் சிரிக்கிற இடத்தில் சிரிக்காமல் நிற்க நான் எங்கே பழகினேன்?

வீட்டில் அவள் காத்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதத்தான் சொன்னேன்."

"மூஞ்சிய எப்படி வெச்சிருந்தீங்க?"

"இப்படித்தான்."

பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. "இந்த மூஞ்சிக்கு நானே சிரிப்பேங்க. அவுங்களச் சொல்லி என்ன" என்றாள்.

அந்த ஜனவரியில் ஏரியோரப் புல் காலையில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவள் சால்வையைக் கழற்றாமலே படுத்தாள். பிறகு ஆஸ்பத்திரி. டாக்டர் என்னிடம் எதுவும் கோபமாகப் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அடக்க ஆராதனை கோயிலில்தான். பெட்டியை நடுப்பாதையில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வைத்தார்கள். நான் அன்றைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வெண்டிலேட்டர் ஒன்றில் சாக்கின் பிசிறு ஒன்று ஆணியில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எடுக்கும்போது விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். தேக்குச் சட்டங்கள் ஒன்றோடொன்று பூட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தேன். அதை எந்தக் கோணத்திலிருந்து வரைந்தால் சரியாக வரும் என்று யோசித்தேன். அழுகை வரவில்லை. வருமென்று எல்லோரும் கொஞ்சம் இடம்விட்டே நின்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து எதிர்பார்த்தேன்.

சீசன் வந்தது. பயணிகளுக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டினேன். ஆண்டவருக்குக் குளிராது என்று சொன்னேன். பளிங்குப் பலகைகளில் குழந்தைகளின் வயதை வாசித்துக் காட்டினேன். வாய் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. பேரிக்காய்க்கு நிழல் போடுகிற கை மாதிரி, என்னைக் கேட்காமலே.

மழைக்கு முந்தைய கமிட்டிக் கூட்டத்தில் போதகரே எழுந்தார். "டிராயிங் சார் முந்தி ஒரு காரியம் சொன்னாங்க" என்றார். "பக்கத்தை மாத்துறது."

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் மப்ளரை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "மாத்திரலாம். குளிர்காலத்துக்குன்னு இல்ல, எப்பவுமே" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "வெள்ளாடுங்கள்லாம் சம்மதந்தான?" என்று கேட்டுவைத்தேன். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. என் தொழிலில் அது மோசமான நாள்.

ஐப்பசியில் ஆண்கள் வடக்கே போனோம். நான் சுவரை ஒட்டிய பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தேன். தலைமையாசிரியர் எனக்குப் பக்கத்தில். அவளுடைய ஹாட் வாட்டர் பையை அதே துண்டில் சுற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போவேன். தேவை கருதித்தான். அந்தச் சுவர் எனக்கும் ஈரந்தான். பாதம் கல்லில் பட்டு முதலில் எரியும், பிறகு கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கு அது ஒரு பெரிய மாற்றமாகப் படவில்லை.

மற்ற ஆண்களுக்குப் பட்டது. மேகம் ஒருமுறை வந்து போனதும் இருமல் தொடங்கியது. இரண்டாம் தடவை தலைமையாசிரியருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு, ஆசீர்வாதம் முடிந்தும் எழுந்திருக்க முடியவில்லை.

"இதுல மனுசன் உக்காருவானா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒட்டகம் உக்காரும் சார்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

அவசரக் கமிட்டி கூடியது. பெண்கள் அத்தனை மழைக்காலம் உட்கார்ந்திருந்த இடத்தில், ஆண்களால் ஒரு மாதம் உட்கார முடியவில்லை. வெண்டிலேட்டர்களை உள்பக்கம் கண்ணாடிப் பலகை அடித்து மூடுவது, வடக்குச் சுவரின் கல் இடுக்குகளில் சிமெண்டுப் பூச்சு, கூரையோரம் தகரத் தூம்பு. படம் நான்தான் வரைந்து கொடுத்தேன். நேர்க்கோடுகள் நன்றாகவே வந்திருந்தன. கிறிஸ்துமஸ் பிறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஆணி அடிக்க ஏறிய ஆசாரி அந்தச் சாக்குப் பிசிறைப் பிய்த்துக் கீழே போட்டார். மணியடிக்கும் அண்ணன் அதைக் கூட்டி வாரிக்கொண்டு போனார்.

கண்ணாடி அடித்தபின் வந்த முதல் ஞாயிறு. வெளியே மேகம் கண்ணாடியில் வந்து முட்டி நின்றது. உள்ளே வரவில்லை. சுவர் காய்ந்திருந்தது. போதகர் தலையிலிருந்து கால்வரை தெரிந்தார். எதிர்ப்பக்கம் சின்ன ஜன்னல்களின் வண்ண வெயிலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு தாய் குழந்தையின் குல்லாவைக் கழற்றினாள். தலைமையாசிரியர் மப்ளரை அவிழ்த்து மடியில் மடித்து வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"இப்பத்தான் கோயில் கோயிலா இருக்கு. என்ன சார்?"

"ஆமா சார். மே மாசம் மாதிரி."

அவருக்கு அது பிடித்திருந்தது. முன்பெஞ்சுக்காரரைத் தட்டி அதைச் சொன்னார். அவர் அவருக்கு முன்னால் இருந்தவரிடம் சொன்னார். நான் ஓர் ஆளுக்குச் சொன்னது பெஞ்சு பெஞ்சாகத் திருவிருந்து மேசைவரை போய்ச் சேர்ந்தது.

போதகர் ஜெபிக்கலாம் என்றார். எல்லோரும் தலை குனிந்தோம். அந்த அமைதியில், என் கோட்டுக்குள் தண்ணீர் களுக்கென்று புரண்டது. பழக்கத்தில் அன்றைக்கும் நிரப்பிக்கொண்டு வந்திருந்தேன்.

தலைமையாசிரியர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன சார் சத்தம்?"

"வயிறு சார்" என்றேன். "சரியில்ல."